வீட்டுச் சுவரில் ரவி வர்மா: அசலா, அச்சா, நகலா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய படங்களுக்குச் சட்டம் மாற்றுவதும் செல்லரித்த தாளைச் செப்பனிடுவதும் என் தொழில். செட்டிநாட்டுப் பக்கம் வீடு பிரிக்கும்போதும் பாகம் பிரிக்கும்போதும் பரணிலிருந்து இறங்குகிற படங்கள் பெரும்பாலும் 'ரவி வர்மா' என்ற பெயரோடுதான் என் மேசைக்கு வந்து சேர்கின்றன. கொண்டுவருகிறவர்கள் கேட்பதும் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட வாக்கிலேயே அவற்றை எழுதி, எனக்குத் தெரிந்ததைக் கீழே சொல்லியிருக்கிறேன்.

எங்க தாத்தா காலத்து ரவி வர்மா படம் ஒன்னு இருக்கு. ஒரிஜினல்தானா?

எதனுடைய ஒரிஜினல் என்பதை முதலில் பிரித்துக்கொள்வோம். அந்தப் பெயரில் ஐந்து வகைப் படங்கள் புழங்குகின்றன. ரவி வர்மா தன் கையால் கித்தானில், அதாவது கேன்வாஸ் துணியில், தீட்டிய எண்ணெய் ஓவியம் ஒன்று. அவர் தொடங்கிய அச்சகத்தில் கல்லச்சில் போட்ட ஒலியோகிராஃப் இரண்டாவது. அதே காலத்தில் வேறு அச்சகங்கள் அதைப் பார்த்துப் போட்டவை மூன்றாவது. அண்மைக் காலத்தில் ஆஃப்செட்டிலோ கணினி அச்சிலோ வந்த மறுபதிப்பு நான்காவது. யாரோ ஒரு ஓவியர் பார்த்து வரைந்த கைநகல் ஐந்தாவது.

இத்தனை வருடத்தில் என் மேசைக்கு வந்தவற்றில் அவர் கையால் தீட்டிய ஓவியம் ஒன்றுகூட இல்லை. ஆனால் அவருடைய அச்சகத்தில் நூறு வருடத்துக்கு முன் பிறந்த நல்ல ஒலியோகிராஃப்கள் நிறைய வந்திருக்கின்றன. அவையும் அசல்தான், அந்த வகையில் அசல். "ஓவியம் இல்லை" என்றதும் முகம் வாடிப்போகிறவர்களிடம் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

ஒலியோகிராஃப், ஒலியோகிராஃப்ங்கறாங்களே, அது என்ன?

எண்ணெய் ஓவியம் போலத் தோன்றும்படி செய்த கல்லச்சுப் படம். வழவழப்பான சுண்ணாம்புக் கல்லின்மேல் கொழுப்பு மையால் வரைந்து, கல்லை நனைத்து, அச்சு மையை உருட்டினால் வரைந்த இடம் மட்டும் மையைப் பிடிக்கும். ஒரு நிறத்துக்கு ஒரு கல். ஒரே தாள் ஒவ்வொரு கல்லின்மீதும் இம்மியும் பிசகாமல் போய்வர வேண்டும். கடைசியில் வார்னிஷ் பூசி, கித்தானின் நெசவு பதியும்படி அழுத்துவார்கள். அதனால்தான் சுவரில் பார்க்கும்போது அசல் ஓவியம் போலவே மினுங்குகிறது.

ஓவியங்களை இப்படி அச்சிடும் யோசனையை ரவி வர்மாவுக்கு எழுதியவர் கும்பகோணத்தில் பிறந்து திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்த சர் டி. மாதவ ராவ். அச்சகம் 1894இல் பம்பாயில் தொடங்கியது. முதலில் வந்த படம் சகுந்தலையின் பிறப்பு என்பார்கள். 1899இல் அச்சகம் லோணாவாலாவுக்கு அருகிலுள்ள மளவலிக்கு இடம் மாறியது. கடன் சுமையில் சில ஆண்டுகளிலேயே அங்கு வேலை பார்த்த ஜெர்மானியத் தொழில்நுட்பர் ஃப்ரிட்ஸ் ஷ்லைஷரிடம் கைமாறியது. 1906இல் ரவி வர்மா காலமான பிறகும் படங்கள் அச்சாகிக்கொண்டே இருந்தன. 1972இல் தீ அந்த அச்சகத்தை அழித்தது. ஆக, 'ரவி வர்மா அச்சகப் படம்' என்றாலே அவர் உயிரோடு இருந்தபோது வந்தது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

பிரேமை விட்டு எடுக்காமலே அச்சா, ஓவியமான்னு கண்டுபிடிக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். நகைக்கடையில் வைரம் பார்க்கும், பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். முகம், கழுத்து போன்ற தோல் நிறப் பகுதியில் வைத்துப் பாருங்கள். படத்துக்கு முன்னால் சட்டத்தின் கண்ணாடி இருந்தாலும், படம் அதை ஒட்டி இருந்தால் ஓரளவு தெரியும்.

சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு நான்கும் ஒரே அளவான இடைவெளியில், சின்னப் பூவிதழ் போல வட்டமாகக் கூடி நின்றால் அது ஆஃப்செட். சிவகாசி நாள்காட்டியின்மேல் கண்ணாடியை வைத்துப் பழகிக்கொண்டால் பிறகு மறக்காது. பெரிதும் சிறிதுமாக, ஒழுங்கில்லாமல், ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வைத்தது போன்ற புள்ளிகள் இருந்தால் கல்லச்சு. உண்மையிலேயே ஒருவர் உட்கார்ந்து கல்லின்மேல் வைத்த புள்ளிகள்தான் அவை. உருவத்தின் ஓரத்தில் ஒரு நிறம் கொஞ்சம் விலகி எட்டிப் பார்ப்பதும் கல்லச்சுக்கு அடையாளம். பனித்துளி தெளித்தது போல மிக நுண்ணிய புள்ளிகள் சிதறிக் கிடந்தால் கணினி அச்சு. இன்று கித்தான்மேலேயே அச்சிடுகிறார்கள் என்பதால் துணியைப் பார்த்து ஏமாற வேண்டாம். புள்ளியே இல்லாமல், நிறம் நிறத்தோடு குழைந்து, தூரிகை மயிரின் கோடு தெரிந்தால்தான் கையால் தீட்டியது.

கையால தடவினா மேடு பள்ளமா இருக்கே, அப்ப ஓவியம்தானே?

முதலில், தடவாதீர்கள். விரலில் இருக்கும் எண்ணெயும் உப்பும் பழைய வார்னிஷுக்கு ஆகாது.

மேடு பள்ளம் ஒலியோகிராஃபிலும் இருக்கும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, கைபேசி டார்ச்சைப் படத்தின் பக்கவாட்டில், சுவரோடு சுவராகப் பிடித்துப் பாருங்கள். அழுத்திப் பதித்த நெசவாக இருந்தால் முகம், புடவை, வானம் எல்லாவற்றின் மேலும் ஒரே சீராக ஓடும். ஓவியத்தில் அப்படி இருக்காது. நகையின் பொட்டும் சரிகையின் ஒளியும் சாயம் தடித்து மேடாக நிற்கும், நிழல் பகுதியில் சாயம் மெலிந்து கித்தான் தெரியும். கணினி அச்சின்மேல் தெளிவான பசையைத் தூரிகையால் இழுத்து மேடு காட்டுகிறவர்களும் உண்டு. அந்த மேடு படத்தின் கோட்டோடு ஒத்துப்போகாமல் தன் போக்கில் போகும்.

மூலையில ரவி வர்மான்னு கையெழுத்தே இருக்கு. அது போதாதா?

போதாது. ஓவியத்திலிருந்த கையெழுத்தும் சேர்ந்துதான் கல்லில் ஏறியது, ஆகவே அச்சிலும் அது இருக்கும். கண்ணாடி வைத்துப் பார்த்தால் கையெழுத்தும் புள்ளிகளால் ஆனதாகத் தெரியும்.

கையால் போட்ட கையெழுத்தாகவே இருந்தாலும் அது எப்போது போட்டது என்று பார்க்க வேண்டும். பழைய ஓவியத்தின் சாயத்தில் நுண்ணிய வெடிப்புகள் ஓடியிருக்கும். ஓவியரே அக்காலத்தில் போட்ட எழுத்தாக இருந்தால் வெடிப்பு எழுத்தையும் சேர்த்து அறுத்திருக்கும். எழுத்தின் சாயம் வெடிப்புக்குள் வழிந்து இறங்கியிருந்தால், ஓவியம் வெடித்த பிறகு யாரோ எழுதியது. யாரோ ஒருவரின் நல்ல பழைய ஓவியத்துக்குப் பெரிய பெயரைச் சூட்டி விற்பது எல்லா நாட்டிலும் நடக்கிறது.

அடியில 'ரவி வர்மா பிரஸ், கார்லா'ன்னு ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கு. இன்னொன்னுல ஒன்னுமே இல்ல. இது போலியா?

எழுத்து இருந்தால் அது பெரிய உதவி. பம்பாய் என்றிருந்தால் தொடக்க காலப் பதிப்பாக இருக்க வாய்ப்புண்டு. மளவலி, கார்லா, லோணாவாலா என்றிருந்தால் 1899க்குப் பிந்தியது. ஆனால் மறுபதிப்பு போடுகிறவர்கள் அந்த வரியையும் சேர்த்தே படியெடுக்கிறார்கள், ஆகவே எழுத்தின்மேலும் கண்ணாடியை வைத்துப் பாருங்கள்.

எழுத்து இல்லாததால் மட்டும் போலி என்றாகாது. எங்கள் தொழில் செய்த முன்னோர்கள்தான் இதற்குக் காரணம். கையிலிருக்கும் சட்டத்துக்குப் படம் பொருந்தவில்லை என்றால் அடி ஓரத்தைக் கத்தரித்துவிடுவார்கள். நானும் தொழில் பழகிய காலத்தில் அப்படி இரண்டு படங்களைக் கத்தரித்திருக்கிறேன். அந்த இரண்டு துண்டுத் தாளும் இன்று கையில் இருந்திருக்கலாமே என்று மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது. தயவுசெய்து எந்தச் சட்டக்காரரிடமும் "ஓரத்தை வெட்டாதீர்கள்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

சரஸ்வதி படத்துல புடவைக்கு ஜரிகையும் ஜிகினாவும் ஒட்டியிருக்கு. யாரோ கெடுத்துட்டாங்களா?

இல்லவே இல்லை. நம் பக்கத்து வீடுகளில் அச்சுப் படத்தை வாங்கி, சாமியின் உடைக்குப் பட்டுத் துணி, ஜரிகை, ஜிகினா, சின்ன மணிகள் ஒட்டி அலங்கரிப்பது வழக்கமாக இருந்தது. கோயிலில் உற்சவருக்குச் சாத்துப்படி செய்கிற அதே மனசு. எத்தனையோ வீட்டுப் பெண்கள் மதிய வேளைகளில் உட்கார்ந்து செய்த வேலை அது.

எனக்கு இவைதான் மிகவும் பிடித்த படங்கள். ஒரே கல்லில் ஆயிரக்கணக்கில் அச்சான லட்சுமி, ஒரு வீட்டு அலங்காரம் ஏறியதும் உலகத்தில் ஒன்றே ஒன்றாகிவிடுகிறாள். ஜரிகையைப் பிய்த்து 'சுத்தமான' அச்சாக மாற்றித் தரச் சொல்லிக் கேட்டவர்கள் உண்டு. நான் செய்வதில்லை. சேகரிப்பாளர்களும் அலங்கரித்த படங்களைத் தனியாகத் தேடி வாங்குகிறார்கள். பழைய படத்தின்மேல் புதிதாக ஜிகினா ஒட்டி விற்பதும் நடக்கிறது. பழைய ஜரிகை கறுத்திருக்கும், அதற்கடியில் உள்ள தாள் சுற்றுப்புறத்தைவிடப் பளிச்சென்று இருக்கும். பளபளக்கும் பிளாஸ்டிக் சம்க்கி என்றால் அது பின்னால் வந்து சேர்ந்தது.

தாள் நல்லா மஞ்சளாயிருக்கு. பழசுன்னு இதைவிட என்ன ஆதாரம் வேணும்?

தேயிலைத் தண்ணீரில் நனைத்தால் இன்று அச்சான தாளும் மாலைக்குள் மஞ்சளாகிவிடும். உண்மையான மூப்பு ஒரே சீராக வராது. வெளிச்சம் பட்ட நடுப்பகுதி ஒரு நிறம், சட்டத்தின் விளிம்புக்கு அடியில் ஒளிந்திருந்த ஓரம் ஒரு நிறம், பின்பலகையின் கணு பட்ட இடத்தில் பழுப்புத் தழும்பு என்று இருக்கும். எங்கும் ஒரே மஞ்சள் என்றால் சந்தேகப்படுங்கள்.

கடைகளில் கள்ள நோட்டு பார்க்க வைத்திருக்கும் ஊதா விளக்கு இதற்குப் பெரிய துணை. இருட்டறையில் தாளின் பின்பக்கம் அந்த ஒளியைக் காட்டுங்கள். நீலமும் வெள்ளையுமாகப் பளீரென்று ஒளிர்ந்தால், தாளில் வெளுப்பூட்டும் ரசாயனம் இருக்கிறது. அது தாள் தயாரிப்பில் பரவலானது 1950 வாக்கில்தான். பழைய தாள் மங்கலாகவே கிடக்கும். படத்தின் தாளைத்தான் பார்க்க வேண்டும். பின்னால் ஒட்டிய அட்டை பிற்காலத்தில் மாற்றியதாக இருக்கலாம். அதுபோல, பழைய சட்டத்துக்குள் இருப்பதாலும் படம் பழசாகிவிடாது. பழைய தேக்குச் சட்டங்கள் தனியாகவே விலைக்குக் கிடைக்கின்றன.

கண்ணாடி வச்சுப் பார்த்துட்டேன். புள்ளி இல்ல, கித்தான், எண்ணெய்ச் சாயம். இப்ப என்ன செய்யறது?

முதலில் படத்தைத் திருப்பி வைத்துப் பின்பக்கத்தைப் படம்பிடியுங்கள். கித்தானை இழுத்துக் கட்டிய மரச்சட்டம் எப்படி இருக்கிறது, ஆணி துருப்பிடித்த கையாணியா அல்லது ஸ்டேப்ளர் கம்பியா, கித்தான் விற்ற வணிகரின் முத்திரை, பழைய கண்காட்சித் துண்டுச்சீட்டு, பென்சில் எழுத்து, எண் எதுவாக இருந்தாலும் விடாதீர்கள். ஸ்டேப்ளர் கம்பி மட்டும் இருந்து, பழைய ஆணித் துளையே ஓரத்தில் இல்லை என்றால் அந்தக் கித்தான் அண்மைக் காலத்தது.

அடுத்து, படம் உங்கள் வீட்டுக்கு வந்த கதை. ரவி வர்மா அரண்மனைகளுக்கும் திவான்களுக்கும் பெரும் செல்வர்களுக்கும் கேட்டதன்பேரில் தீட்டியவர். அவருடைய தம்பி சி. ராஜ ராஜ வர்மா கூடவே பயணம் செய்து நாட்குறிப்பு எழுதிவைத்தார். யார் வீட்டுக்கு எப்போது எந்தப் படம் என்பதற்கு அது ஒரு முக்கியச் சான்று. உங்கள் குடும்பத்துக்கும் அத்தகைய ஒரு வீட்டுக்கும் தொடர்பு இருந்ததா? பழைய கடிதம், பாகப் பத்திரத்தில் ஒரு வரி, திருமணப் புகைப்படத்தில் பின்சுவரில் தொங்கும் அதே படம் ஏதாவது அகப்படுமா? நான் பார்த்தவரை, வீட்டு அலமாரியில் கிடக்கும் புகைப்படத்துக்கு இருக்கும் வலு எந்த நிபுணரின் வாய்ச்சொல்லுக்கும் இல்லை.

அப்படின்னா அவரே வரைஞ்சதா, அவர் தம்பி வரைஞ்சதான்னு எப்படிப் பிரிப்பாங்க?

இதுதான் இருப்பதிலேயே கடினமானது. 1905இல் இறக்கும்வரை தம்பி அண்ணனோடு ஒரே கூடத்தில் வேலை செய்தார். பின்னணி நிலக்காட்சிகளில் அவர் கை இருக்கும். தனியாகவும் நல்ல நிலக்காட்சிகள் தீட்டியிருக்கிறார். தங்கை மங்களாபாயும் மகன் ராம வர்மாவும் ஓவியர்களே. போதாததற்கு, ரவி வர்மா தன் படங்கள் சிலவற்றைத் தானே மறுபடியும் தீட்டிக் கொடுத்திருக்கிறார். அதே காட்சி இன்னோர் ஊரில் இருப்பதால் மட்டும் உங்களுடையது நகல் என்று தள்ளிவிட முடியாது.

கைநகல் செய்கிறவரிடம் ஒரு பழக்கம் உண்டு. அவர் முடிந்த படத்தைப் பார்த்து வரைகிறார், ஆகவே திருத்த வேண்டியதில்லை. முதன்முதலில் யோசித்து வரைந்தவர் கையை நகர்த்தியிருப்பார், முந்தானையை மாற்றியிருப்பார். அந்த மாற்றங்கள் மேற்சாயத்துக்கு அடியில் கிடக்கும். எக்ஸ்ரேயிலும் அகச்சிவப்புப் படத்திலும் அவை தெரியவரலாம்.

லேப்ல கொடுத்தா உறுதியா சொல்லிடுவாங்கல்ல?

ஆய்வுக்கூடம் "இது அவருடையது அல்ல" என்று உறுதியாகச் சொல்லும். "இது அவருடையதுதான்" என்று அதனால் தனியாகச் சொல்ல முடியாது. ஒரு உதாரணம்: டைட்டானியம் வெள்ளை என்ற சாயம் ஓவியர் கைக்கு வந்தது 1910களின் கடைசியிலும் 1920களிலும்தான். 1906இல் இறந்தவர் அதைத் தொட்டிருக்க வழியில்லை. முகத்தின் அடிச்சாயத்திலேயே டைட்டானியம் இருந்தால் கதை முடிந்தது. 1930களில் வந்த தாலோ நீலமும் அப்படியே. சாயத்தைச் சுரண்டாமலே, எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவியை அருகில் பிடித்து டைட்டானியம், ஈயம், துத்தநாகம் போன்ற தனிமங்களைக் கண்டுகொள்ளலாம்.

ஒரே ஓர் எச்சரிக்கை. பிற்காலத்தில் யாராவது பழுதுபார்த்திருந்தால் அந்த இடத்தில் மட்டும் புதுச் சாயம் இருக்கும். முன்பு சொன்ன ஊதா விளக்கில் அந்த ஒட்டுப்பகுதிகள் கறுத்துத் தனியாகத் தெரியும், அங்கே சோதிக்கக் கூடாது. கார்பன் சோதனை கேட்கிறார்கள். 1890ஐயும் 1920ஐயும் பிரித்துச் சொல்ல அது உதவாது. 1950களின் அணுகுண்டுச் சோதனைகளுக்குப் பிந்திய பொருளை மட்டும் நன்றாகக் காட்டிக்கொடுக்கும்.

கையில விளக்கு ஏந்தின பொண்ணு படம் எங்ககிட்ட இருக்கு. ரவி வர்மாவோட ரொம்பப் பிரபலமான படமாச்சே?

பிரபலம்தான், ஆனால் ரவி வர்மாவுடையது அல்ல. மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் இருக்கும் அந்தப் படத்தை எஸ். எல். ஹல்தன்கர் 1940களில் தன் மகளை நிறுத்திவைத்து வரைந்தார். எண்ணெய்ச் சாயம்கூட இல்லை, நீர்வண்ணம். அதே அரண்மனையில் ரவி வர்மாவின் ஓவியங்களும் இருப்பதால் பெயர் ஒட்டிக்கொண்டது. வரைந்தவரின் பெயரே மறைந்துபோகும் அளவுக்கு அந்தத் தவறு பரவியிருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. உங்களிடம் இருப்பது அதன் அச்சாக இருக்கும். அடியில் அவர் பெயரை எழுதிவையுங்கள்.

விக்கிறவர் முத்திரை குத்தின சர்டிபிகேட் கொடுக்கிறார். நம்பலாமா?

அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். யார் பார்த்தார், எதை வைத்துச் சொல்கிறார், இதற்கு முன் யாரிடமெல்லாம் இருந்தது, படத்தின் நீள அகலம், முன்பின் புகைப்படம் ஆகியவை இருந்தால் அது ஆவணம். "இது அசல் என்று உறுதியளிக்கிறோம்" என்று ஒரு வரியும் பொன்நிற முத்திரையும் மட்டும் இருந்தால் அது வெறும் அட்டை. வாடிக்கையாளர் ஒருவர் அப்படி ஓர் அட்டையோடு கொண்டுவந்த படத்தில் ஆஃப்செட் பூவிதழ்ப் புள்ளிகள் தெளிவாகத் தெரிந்தன. மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணம் அது.

தபாலில் வாங்குவதாக இருந்தால் மூன்று படங்கள் கேளுங்கள்: முகப்பகுதியை மிக அருகில் எடுத்தது, வெட்டாத அடி ஓரம், சட்டத்தைக் கழற்றிய பின்பக்கம். தர மறுத்தால் வாங்க வேண்டாம்.

யாரிடம் கொண்டுபோய்க் காட்டறது?

எங்கும் கொண்டுபோவதற்கு முன் அசலை நேரில் பாருங்கள். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திலும் திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்துக் கலைக்கூடத்திலும் ரவி வர்மா தீட்டியவை இருக்கின்றன. பட்டின் மடிப்பிலும் கழுத்து நகையிலும் சாயம் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டு வீட்டுப் படத்தின் முன் வந்து நின்றால், பலருக்குப் பாதிச் சந்தேகம் தானாகத் தீர்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகும் நம்பிக்கை இருந்தால், முன்னே சொன்ன புகைப்படங்களோடு ஓவியப் பாதுகாப்பாளர் ஒருவரையோ அவருடைய ஓவியங்களை ஆராய்கிறவரையோ அணுகுங்கள். வாங்கத் துடிக்கும் ஒருவரிடமே அசலா என்று கேட்காதீர்கள்.

அமெரிக்காவுல இருக்கிற பையனுக்கு அனுப்பலாமா?

அவர் தீட்டிய ஓவியம் என்றால் முடியாது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டப்படி ரவி வர்மாவின் படைப்புகள் தேசியக் கலைச்செல்வம். தனியார் யாரும் நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. உள்நாட்டில் வாங்கவும் விற்கவும் தடையில்லை. ஆனால் தொல்பொருளைத் தொழிலாக விற்பவருக்கு உரிமம் வேண்டும்.

அச்சுப் படமாக இருந்தாலும் நூறு வருடம் கடந்த கலைப்பொருள் தொல்பொருளாகக் கருதப்படலாம். ஆகவே இந்தியத் தொல்லியல் துறையிடம் காட்டி, தொல்பொருள் அல்ல என்ற சான்று கிடைத்தால் மட்டும் அனுப்புங்கள். விமான நிலையத்தில் போய் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

அழுக்கா இருக்கு. ஈரத்துணியால துடைச்சுட்டுக் கொண்டு வரட்டுமா?

வேண்டாம். உருளைக்கிழங்குத் துண்டு, ரொட்டி, விபூதி, தேங்காயெண்ணெய் எதுவுமே வேண்டாம். பூஜையறைப் புகை படிந்த வார்னிஷை ஈரத்தோடு தேய்த்தால் அழுக்கோடு நிறமும் வந்துவிடும். கண்ணாடியின் வெளிப்பக்கத்தை மட்டும் உலர்ந்த துணியால் துடையுங்கள். கண்ணாடியில் படம் ஒட்டிக்கொண்டிருந்தால் பிரிக்கவே முயல வேண்டாம், அப்படியே கொண்டுவாருங்கள்.

கடைசியில வெறும் அச்சுதான்னு ஆயிடுச்சு. வச்சுக்கிட்டு என்ன செய்ய?

மளவலி அச்சகத்தின் கல்லச்சு என்றால், இனி ஒன்றுகூடப் புதிதாக வரப்போவதில்லை. வெயில் நேராகப் படாத, வெளிச்சுவர் அல்லாத ஒரு சுவரில் மாட்டுங்கள், மழைக்காலத்தில் வெளிச்சுவர் ஓதம் ஏறும். பின்பலகையைக் கழற்றி அமிலமில்லாத அட்டை வைத்து, படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, இடைவெளி விட்டுச் சட்டம் போடச் சொல்லுங்கள். மாட்டும்போது சுவருக்கும் சட்டத்துக்கும் இடையில் நான்கு மூலையிலும் தக்கைத் துண்டு ஒட்டினால் காற்று போகும், கரையானும் கண்ணில் படும்.

இன்னொன்று. வீட்டில் மூத்தவர்கள் இருக்கும்போதே உட்கார்ந்து கேளுங்கள்: இந்தப் படம் யார் வாங்கியது, எந்த ஊரில், எந்த அறையில் தொங்கியது, ஜரிகை ஒட்டியது யார். ஒரு தாளில் பென்சிலால் எழுதி, தேதி போட்டு, உறையிலிட்டுப் பின்பலகையின் வெளிப்பக்கம் வையுங்கள். படத்தின் பின்னால் நேரடியாக எழுத வேண்டாம், பேனா மை முன்பக்கம் ஊறிவிடும்.